சிவப்பைத் தேடாதீர்கள்: மலை நகரங்களின் அடிநிலத்தை ஆராய்வது பற்றி

மண்சரிவு ஆய்வு அறிக்கை ஒன்றைத் திறந்தால் நடுவில் எங்காவது வானவில் நிறத்தில் ஒரு குறுக்குவெட்டுப் படம் இருக்கும். அதைப் பார்க்கிற யாரும் முதலில் சிவப்பைத்தான் தேடுவார்கள், தங்கள் வீடு அந்தச் சிவப்புக்கு மேலே வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார்கள். பெரும்பாலான படங்களில் விஷயம் தலைகீழ். வழக்கமாகப் போடுகிற நிற அளவுகோலில் சிவப்பு என்றால் மின்சாரம் லேசில் போகாத இடம், அனேகமாகக் கெட்டிப் பாறை அல்லது நன்றாகக் காய்ந்த மண். நீலம் என்றால் மின்சாரம் சுலபமாகப் போகிற இடம், ஈரக் களி, தண்ணீர் ஊறிய மண். மண்சரிவு பார்க்கிறவர்களின் கண் முதலில் போவது நீலத்துக்குத்தான். அதுகூட உலகம் முழுக்கச் செல்லுபடியாகிற விதி இல்லை, அந்தக் கதை பிறகு வருகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்துபோன பிறகு இந்தப் பேச்சு கொழும்பிலும் கூடிவிட்டது. கூடாமல் இருக்குமா? புறக்கோட்டைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்து வீடுகளிலும் வேலை செய்கிற எத்தனையோ பேருக்கு அம்மா அப்பா பதுளையிலோ அட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிறார்கள், மலையில் அடைமழை என்றால் இங்கே தூக்கம் போய்விடும். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எங்கட டவுனை மெஷின் வைத்துப் பார்த்தால் எந்த இடம் சரியும், எந்த இடம் சரியாது என்று சொல்ல முடியாதா?

மெஷின் நிறையச் சொல்லும், ஆனால் அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லாது. எங்கே துளைத்துப் பார்க்க வேண்டும், தண்ணீர் எங்கே தேங்கி நிற்கிறது, இந்த இரண்டையும்தான் அது உருப்படியாகச் சொல்லும். அதற்கே எவ்வளவு மினக்கெட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில், கையில் ஏற்கனவே இருப்பது என்ன? கொழும்பு 5, ஜாவத்தை வீதியில் தலைமையகம் இருக்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் 1984இல் தொடங்கப்பட்டது. 1990களின் ஆரம்பத்தில் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் உதவியோடு பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கி மண்சரிவு அபாய வரைபடங்களை அவர்கள் தயாரித்து வருகிறார்கள். அந்த வரைபடம் ஆறு விஷயங்களுக்குப் புள்ளி போட்டுக் கூட்டுகிறது: சரிவின் சாய்வுக்கு 25, பாறை அமைப்புக்கு 20, நீரோட்டத்துக்கு 20, காணி எதற்குப் பயன்படுகிறது என்பதற்கு 15, நில உருவத்துக்கு 10, பாறைக்கு மேலே கிடக்கிற மண்ணுக்கு 10. ஒரு மாவட்டத்தையே பார்ப்பதற்கு இது நல்ல முறை. ஆனால் 1:10,000 அளவில் ஒரு சென்றிமீற்றர் என்பது நூறு மீற்றர், உங்கள் ஒழுங்கை முழுவதும் அந்த ஒரு சென்றிமீற்றருக்குள் அடங்கிவிடும். அந்த ஆறில் கண்ணுக்குத் தெரியாதது மண்ணின் தடிப்பும் அதன் அடியில் நிற்கிற தண்ணீரும்தான், ஒரு தனிச் சரிவைப் பற்றி முடிவெடுக்கும்போது அதிகம் தேவைப்படுவதும் அவைதான்.

நமது மலையகத்தின் அடியில் இருப்பது கோடிக்கணக்கான வருடங்கள் பழைமையான உருமாறிய பாறைகள்: நைஸ், சார்னொக்கைற், குவாட்சைற், பதுளை மாத்தளைப் பக்கம் சுண்ணாம்பு எடுக்கிற பளிங்குப் பாறையும் உண்டு. வெப்பமும் மழையும் சேர்ந்து இந்தப் பாறையை மேலிருந்து உக்கவைத்துக்கொண்டே வருகின்றன. ஒரே சீராக உக்குவதில்லை, அதுதான் தொல்லை. ஓரிடத்தில் மூன்று மீற்றரில் பாறை தட்டும், பக்கத்துக் காணியில் இருபது மீற்றர் போனாலும் சிவப்பு மண்ணாகவே இருக்கும், நடுவில் உக்காமல் மிஞ்சிய பெரிய பாறை உருண்டைகள் மண்ணுக்குள் மிதக்கிற மாதிரிக் கிடக்கும். பழைய சரிவுகளில் மேலேயிருந்து வந்து குவிந்த மண்ணும் கல்லும் அடிவாரத்தில் மேடை போலப் பரந்திருக்கும். ஊர்கள் அந்த மேடைகளில்தான் கூடுதலாக உருவாகியிருக்கின்றன, ஏனென்றால் மலையில் தட்டையான நிலம் வேறெங்கே கிடைக்கும்? ஆக, பல மலை நகரங்கள் இன்னொரு காலத்து மண்சரிவின் முதுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

இந்த மண் ஏன் ஒருநாள் திடீரென்று போகிறது என்றால், தண்ணீர் மண்ணை ஈரமாக்குவதால் மட்டும் போவதில்லை. பாறைக்கு மேலே உள்ள மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பி அமுக்கம் ஏறும்போது, மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் பிடியை அந்த அமுக்கம் தளர்த்திவிடுகிறது. உராய்வு குறைகிறது, மேலே உள்ள முழுப் பாரமும் ஒரு மெல்லிய தளத்தின் மீது வழுக்கத் தயாராகிறது. அந்தத் தளம் சில சென்றிமீற்றர் தடிப்பு மட்டுமே இருக்கலாம். எந்த மெஷினும் மேலேயிருந்து அந்தத் தளத்தையே பார்ப்பதில்லை என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் பார்ப்பது அதற்கு மேலும் கீழும் உள்ள பொருள்களின் வித்தியாசத்தை.

சரி, அந்த வானவில் படம், அதாவது மின்தடைப் படம், எப்படி வருகிறது? நிலத்தில் உலோகக் கம்பிகளை, அதாவது மின்வாய்களை, ஒரே நேர்கோட்டில் சம இடைவெளியில் அடிக்கிறார்கள். இரண்டு கம்பிகள் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, வேறு இரண்டு கம்பிகளுக்கு இடையில் வோல்ற்றளவைப் பார்க்கிறார்கள். பிரான்ஸில் கொன்ராட் ஷ்லும்பெர்கர் 1912இல் தொடங்கிய வேலை இது, அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னர் 1915இல் நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் வைக்கும் முறையை எழுதிவைத்தார். இன்றைக்கும் அறிக்கைகளில் 'வென்னர்', 'ஷ்லும்பெர்கர்' என்று வருவது இந்த இரண்டு பேரின் பெயர்தான். அன்று ஒவ்வொரு அளவீட்டுக்கும் கம்பியைப் பிடுங்கி நட்டார்கள், இன்று 48 அல்லது 72 கம்பிகளை ஒரே கேபிளில் கோத்துவிட்டால் கருவி தானாகவே நூற்றுக்கணக்கான சேர்க்கைகளில் அளந்துகொள்கிறது. கம்பிகளுக்கு இடையில் தூரம் கூடக்கூட மின்னோட்டம் ஆழமாகப் போய் வரும். கிடைத்த எண்களுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு நிலத்தை கம்ப்யூட்டர் கற்பனை செய்து நிறம் பூசுகிறது. இந்தக் 'கற்பனை' என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போடுகிறேன். அதே எண்களுக்குப் பொருந்துகிற வேறு நிலங்களும் உண்டு, மென்பொருள் அவற்றில் மிக வழுவழுப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டுகிறது. அதனால்தான் படத்தில் எல்லைகள் எல்லாம் மங்கலாகக் கரைந்து போகின்றன, உண்மையில் பாறையும் மண்ணும் சந்திக்கிற இடம் கத்தியால் வெட்டியது போல இருந்தாலும்.

எண்கள் எந்த அளவில் இருக்கும்? மின்சாரத்தை மண் எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓம் மீற்றரில் சொல்வார்கள்: ஈரக் களி என்றால் சில ஓம் மீற்றர்களிலிருந்து நூறு ஓம் மீற்றர் வரை, உக்காத நைஸ் பாறை என்றால் ஆயிரக்கணக்கில். வித்தியாசம் இவ்வளவு பெரியதாக இருப்பதால்தான் மண்சரிவு வேலையில் இந்த முறைக்கு இவ்வளவு மதிப்பு. ஆழத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: கோட்டின் நீளத்தில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்கு. இரண்டு மீற்றர் இடைவெளியில் 48 கம்பி என்றால் கோடு 94 மீற்றர், பார்க்கக்கூடிய ஆழம் பதினைந்து, பதினெட்டு மீற்றர். முப்பது மீற்றர் ஆழம் வேண்டுமென்றால் நூற்றைம்பது மீற்றருக்கு மேல் நேர்கோடு வேண்டும்.

இங்கேதான் நகரம் குறுக்கே வருகிறது. தேயிலை மலையில் நூற்றைம்பது மீற்றர் கேபிள் விரிப்பது உடம்பு நோகிற வேலை, அவ்வளவுதான். டவுனில் அப்படியொரு நேர்கோடு கிடைக்கவே கிடைக்காது. ஒருவரின் குசினிக்குப் பின்னால் தொடங்கி இன்னொருவரின் மதிலைத் தாண்டி, கோயில் வளவுக்குள் போய், பஸ் போகிற ரோட்டைக் குறுக்கே வெட்டி, பள்ளிக்கூட மைதானத்தில் முடியும். தார் ரோட்டில் கம்பி இறங்காது, ஓரத்தில் துளையிட வேண்டும் அல்லது ஈரக் களியைக் குழைத்து அதன்மேல் மின்வாயை வைக்க வேண்டும். நிலம் காய்ந்திருந்தால் ஒவ்வொரு கம்பியடியிலும் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள், உப்பு ஏன் என்று ஊர் முழுக்க வந்து கேட்கும். கேபிளில் நூற்றுக்கணக்கான வோல்ற் போகும் என்பதால் பிள்ளைகளையும் ஆட்டையும் நாயையும் விரட்டுவதற்கென்றே ஓராள் வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. நிலத்தடியில் இரும்புத் தண்ணீர்க் குழாய் கோட்டுக்குப் பக்கத்தில் ஓடினால் மின்னோட்டம் மண்ணை விட்டுவிட்டு குழாய் வழியே ஓடிவிடும், படத்தில் அழகான ஒரு நீலப் பட்டை வரும், அங்கே ஈரமே இருக்காது. வீடுகளின் எர்த் கம்பி, கொங்கிறீட் தாங்குசுவரின் உள்ளே இருக்கிற இரும்பு, முள்கம்பி வேலி எல்லாம் இதே வேலையைச் செய்யும். மேலே போகிற மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அளவீட்டில் கலக்கும். ஆகவே நகரத்தில் எடுத்த படத்தோடு குழாய், கம்பி, குழி எல்லாம் குறித்த ஒரு வரைபடமும் இல்லையென்றால் அந்தப் படத்தை நம்ப நான் தயாரில்லை.

மலசலகூடக் குழிகளையும் இதில் சேர்க்க வேண்டும். நமது மலை நகரங்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, எல்லாத் தண்ணீரும் வீட்டுக்குப் பின்னால் உள்ள குழியில் இறங்கி மலைக்குள்தான் போகிறது. படத்தில் ஒரு வீட்டுக்குக் கீழே நீலக் குமிழ் தெரிந்தால் அது இயற்கையான நிலத்தடி நீரா, குழியிலிருந்து ஊறியதா, உடைந்த குழாயிலிருந்து கசிந்ததா என்று படம் சொல்லாது. மூன்றும் சரிவுக்குக் கெடுதிதான் என்பது வேறு கதை. நியூஸிலாந்தில் டனீடின் நகரத்தின் அபொட்ஸ்ஃபோர்ட் பகுதியில் 1979 ஆகஸ்ட் 8ஆம் திகதி இரவு ஒரு குடியிருப்பே நகர்ந்து போய் 69 வீடுகள் இல்லாமல் போயின, யாரும் இறக்கவில்லை. அடியில் சாய்வாகக் கிடந்த களிப் படை அடிப்படைக் காரணம். விசாரணையில் அதோடு சேர்ந்து வெளியே வந்தவை இரண்டு: சரிவின் மேற்பக்கம் நீண்டகாலம் கசிந்துகொண்டிருந்த ஒரு தண்ணீர்க் குழாயும், அடிவாரத்தில் மணல் அகழ்ந்ததும். கசிகிற குழாயைத் தேட மின்தடைப் படம் நல்ல கருவி, ஆனால் அதற்கு முன்னால் தண்ணீர் மீற்றரைப் பார்க்கலாமே.

இரண்டாவது முறை அதிர்வு. பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கிற வேலைதான், கொஞ்சம் பெரிய அளவில். இரும்புத் தட்டை நிலத்தில் வைத்து சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள், வரிசையாக நட்ட 12 அல்லது 24 ஜியோபோன்கள் அந்த அதிர்வு தங்களிடம் வந்துசேர்கிற நேரத்தைப் பதியும். காய்ந்த இளகிய மண்ணில் அதிர்வு நொடிக்கு 300 முதல் 600 மீற்றர் வேகத்தில் போகும், உக்காத பாறையில் 5,000 மீற்றர் வரை. வேகமான பாறையைத் தொட்டு முறிந்து வருகிற அலை தூரத்தில் உள்ள ஜியோபோனுக்கு முதலில் வந்துவிடும், அதை வைத்துப் பாறையின் ஆழத்தைக் கணிக்கலாம். ஆனால் தண்ணீரில் அதிர்வின் வேகம் ஏறத்தாழ 1,500 மீற்றர். தண்ணீர் நிரம்பிய மண்ணும் அதே வேகத்தைக் காட்டும், அரைகுறையாக உக்கிய பாறையும் அதே வேகத்தைக் காட்டலாம். இன்னொன்று, மேலே கடினமான படையும் அதன் கீழே மென்மையான படையும் இருந்தால் இந்த முறைக்குக் கீழ்ப்படை தெரியவே தெரியாது. பாறை உருண்டைகள் மேலே, ஈரமண் கீழே என்கிற நமது மலைகளில் அது சின்னக் குறையில்லை.

அதனால் இப்போது மேற்பரப்பு அலைகளைப் பயன்படுத்துகிற முறை பரவியிருக்கிறது. 1999இல் கன்சாஸ் புவிச்சரிதவியல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் அதைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார்கள். அதில் கிடைப்பது குறுக்கதிர்வு அலையின், அதாவது போகிற திசைக்குக் குறுக்கே நிலத்தை அசைக்கிற அலையின், வேகம், அந்த அலை தண்ணீருக்குள் போகாது, ஆகவே தண்ணீர் அதை அவ்வளவாக ஏமாற்றாது, மண்ணின் விறைப்பை ஓரளவு நேராகவே சொல்லும். நகரத்துக்கு இது பொருந்தும் என்பதற்கு இன்னொரு காரணம், லொறி பஸ் போகிற அதிர்வையே அலைமூலமாக வைத்துக்கொள்ளலாம். சம்மட்டி அடிக்கிறவர் சபித்துக்கொண்டிருந்த அதே வாகனங்கள்! ஜப்பானியரான நகமுரா 1989இல் பிரபலப்படுத்திய முறை அதையும்விட எளிது. ஒரே ஒரு உணர்கருவியைத் தரையில் வைத்து, நிலத்தின் சாதாரண நடுக்கத்தில் எந்த அதிர்வெண் பெருகித் தெரிகிறது என்று பார்ப்பார்கள். குறுக்கதிர்வு வேகம் நொடிக்கு 240 மீற்றர், பெருகுகிற அதிர்வெண் 4 ஹேர்ட்ஸ் என்றால் 240ஐ அதிர்வெண்ணின் நான்கு மடங்கான 16ஆல் வகுக்க வேண்டும், மண்ணின் தடிப்பு 15 மீற்றர். வீட்டுக்கு வீடு போய் அரை மணித்தியாலம் வைத்தால் போதும், யாருடைய மதிலையும் தாண்ட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் நெரிசலான மலை டவுனில் முதலில் செய்ய வேண்டியது இதைத்தான்.

நிலத்தை ஊடுருவும் ராடரைப் பற்றியும் கேட்பார்கள், பெயர் கவர்ச்சியாக இருப்பதால். ஈரக் களியில் அந்த அலை ஒன்றிரண்டு மீற்றருக்குள் செத்துவிடும். குழாய் தேட நல்லது, நமது மண்ணில் சரிவுத் தளம் தேட உதவாது.

இப்போது நீலம் பற்றிச் சொன்ன கதைக்கு வருவோம். நோர்வேயில் 2020 டிசம்பர் 30ஆம் திகதி அதிகாலை யெர்ட்ரும் பகுதியில் குடியிருப்போடு சேர்ந்து நிலம் திரவம் போல ஓடிப் பத்துப் பேர் இறந்தார்கள். அங்கே இருப்பது கடலடியில் படிந்து பிறகு மேலெழும்பிய களி. அதில் உப்பு இருக்கிறவரை களி உறுதியாக நிற்கும், மின்சாரமும் சுலபமாகப் போகும். மழைத்தண்ணீர் நூற்றாண்டுக் கணக்கில் உப்பைக் கழுவிக்கொண்டு போன பிறகு களியின் தடை ஏறும், உறுதி போய்விடும். அங்கே தடை மிகக் குறைந்த இடம் பாதுகாப்பானது, கொஞ்சம் கூடின இடம் ஆபத்தானது. நோர்வேயின் அட்டவணையைக் கொண்டுவந்து பதுளையில் வைத்தால் எல்லாம் பிழைக்கும், பதுளையின் அட்டவணையைக் காலிக்குக் கொண்டுபோனாலும் கவனம் வேண்டும். எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது அந்தந்த ஊரின் மண்ணைத் துளைத்து எடுத்த மாதிரிதான்.

நமது ஊரில் அடிக்கடி வருகிற பிழை, பாறை உருண்டைகளை அடிப்பாறை என்று எடுத்துக்கொள்வது. நெருக்கமாகக் கிடக்கிற உருண்டைகள் படத்தில் ஒரே சிவப்புத் திட்டாகச் சேர்ந்துவிடும், பார்க்கிறவர் ஐந்து மீற்றரில் பாறை இருக்கிறது, அத்திவாரத்தை அங்கே வைக்கலாம் என்று நினைப்பார். அந்தத் திட்டே சரிந்துகொண்டிருக்கிற மண்ணுக்குள் இருக்கலாம். துளைப்பவர்களுக்கும் இதே பொறிதான், கல்லில் தட்டியவுடன் பாறை வந்துவிட்டது என்று நிறுத்தினால் தொலைந்தது, இன்னும் சில மீற்றர் பாறைக்குள்ளேயே துளைத்து அது முடிகிறதா என்று பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

துளைப்பதும் மெஷின் எடுத்த அளவைப்படமும் எப்படிக் கைகோக்க வேண்டும் என்பதற்குப் பதுளையிலேயே உதாரணம் இருக்கிறது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பதுலுசிறிகம என்கிற இடத்தில் மெல்ல நகர்கிற ஒரு சரிவு உண்டு. ஜப்பானின் உதவி நிறுவனமான ஜெய்க்காவின் துணையோடு அங்கே துளைகளுக்குள் சரிவுமானி வைத்தார்கள், மேற்பரப்பில் நிலம் விலகுவதை அளக்கிற நீட்சிமானிகளைப் பொருத்தினார்கள், நிலத்தடி நீரின் அமுக்கத்தையும் மழையையும் அளந்தார்கள். சரிவுமானி என்பது எளிய யோசனைதான்: துளைக்குள் தவாளிப்புள்ள குழாயை இறக்கி, அதன் சாய்வை அரை மீற்றருக்கு அரை மீற்றர் அளக்கிறார்கள், சில மாதம் கழித்துத் திரும்ப அளக்கும்போது எந்த ஆழத்தில் குழாய் வளைந்திருக்கிறதோ அங்கேதான் நிலம் வழுக்குகிறது. படத்தில் மங்கலாகத் தெரிந்த எல்லைக்கு இப்போது ஓர் ஆழம் கிடைத்துவிட்டது. அதன் பிறகு செய்ததும் பெரிய மந்திரமில்லை, நிலத்தடி நீரை வெளியேற்றினார்கள். சரிவின் உள்ளே கொஞ்சம் மேல்நோக்கிய சாய்வில் நீளத் துளையிட்டு ஓட்டைபோட்ட குழாயைச் செருகிவிட்டால் தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்கும், அமுக்கம் இறங்கும், நகர்வு குறையும். நீலம் எங்கே என்று தெரிந்தால்தான் அந்தக் குழாயை எங்கே செருகுவது என்று தெரியும், அளவைப்படத்தின் உண்மையான பயன் அதுதான்.

விரிசல் விட்ட வீடெல்லாம் சரிகிற வீடு என்றும் எடுக்க முடியாது. உமா ஓயா நீர்த் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்து, பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அங்கே தண்ணீர் போனதால் நிலம் அமர்ந்தது, மண்சரிவில் தண்ணீர் சேர்வதால் நிலம் வழுக்குகிறது. சுவரில் தெரிகிற வெடிப்பு இரண்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அடியில் போய்ப் பார்த்தால்தான் எது என்று பிரித்துச் சொல்ல முடியும்.

கொழும்புக்காரர்கள் இதையெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைத்தால் மீதொட்டமுல்லையை நினைத்துக்கொள்ளுங்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று, கொலன்னாவையில் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மலையே இல்லாத ஊரில் மலையைக் கட்டி, அதையும் சதுப்பு நிலத்தின் மேல் கட்டி, பக்கத்தில் வீடுகளையும் விட்டுவைத்தோம். அந்த மாதிரி இடத்தில் மின்தடைப் படம் எடுத்தால் குப்பையிலிருந்து வடிகிற கழிவுநீர் எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும், குறுக்கதிர்வு முறைதான் அங்கே உதவும்.

ஒருமுறை எடுத்த படத்தைவிட திரும்பத் திரும்ப எடுத்த படம் பல மடங்கு பெறுமதி. இங்கிலாந்தின் யோர்க்‌ஷயரில் ஹொலின் ஹில் என்ற சரிவில் பிரித்தானிய புவிச்சரிதவியல் ஆய்வகம் 2008 முதல் மின்வாய்களை நிரந்தரமாகப் புதைத்து, மழை எந்த வழியால் உள்ளே இறங்குகிறது என்று பார்த்து வருகிறது. சுவிட்சர்லாந்தின் பொன் பூர்கான் சரிவில் நிலத்தின் இயல்பான நடுக்கத்தைத் தொடர்ந்து பதிந்தபோது, 2010 ஆகஸ்ட்டில் அது பாய்வதற்கு முந்தைய சில நாட்களில் அலைவேகம் ஏழு வீதம் வரை இறங்கியிருந்தது தெரிந்தது. நம்பிக்கை தருகிற முடிவு, ஆனால் ஒரு சரிவில் பார்த்ததை வைத்து நாட்டுக்கே எச்சரிக்கை அமைப்பு கட்டிவிட முடியாது. இப்போதைக்கு நமது எச்சரிக்கை மழைமானியில்தான் நிற்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேறுங்கள். படம் அழகாக இருந்தாலும் இந்த மூன்று எண்களைத் தட்டிவிடாதீர்கள்.

எந்தக் கருவியாலும் பிடிக்க முடியாத சரிவுகளும் இருக்கின்றன. மேலே எங்கோ காட்டில் தொடங்கி ஓடை வழியே கல்லும் மரமும் சேறுமாக நிமிடங்களில் வந்திறங்குகிற வகைக்கு, உங்கள் வளவின் அடியைப் பார்த்து என்ன பயன்? வீட்டுக்குப் பின்னால் மலையை நெட்டாக வெட்டி முற்றம் எடுத்தவர்களுக்கும் ஜியோபோன் தேவையில்லை, அனுபவமுள்ள ஒரு புவிச்சரிதவியலாளர் வந்து பத்து நிமிடம் நின்று பார்த்தாலே போதும். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்கள் மண்ணுக்குள் போனபோது அந்தச் சரிவு யாருக்கும் தெரியாத ஒன்றாக இருக்கவில்லை, 2005இலேயே அங்கிருந்து சனத்தை அகற்றச் சொல்லியிருந்தார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் போக வேறு காணி இருக்கவில்லை, அந்தக் காணியை எந்தக் கருவியும் தேடிக் கொடுக்காது. இருக்கிற காசை இன்னும் கருவிகள் வாங்கச் செலவழிப்பதா, ஏற்கனவே சிவப்புக் கோடு போட்ட இடங்களில் இருப்பவர்களுக்கு நிலம் வாங்கச் செலவழிப்பதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், இந்தக் கருவிகளோடு வேலை செய்கிற புவிப்பௌதிகக்காரர்கள் கோபிக்கக் கூடாது.

அப்படியும் உங்கள் ஊரைப் பற்றிய அறிக்கை கைக்கு வந்தால், நிறத்துக்குப் போகுமுன் நிற அளவுகோலைப் பாருங்கள், எது நீலம் எது சிவப்பு என்று அதில்தான் இருக்கும். கோடு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, உங்கள் வீடு அந்தக் கோட்டில் வருகிறதா அல்லது ஐம்பது மீற்றர் தள்ளியிருக்கிறதா என்று கேளுங்கள், ஏனென்றால் நமது மலையில் ஐம்பது மீற்றர் என்பது வேறு ஊர். படத்தின் இரண்டு கீழ் மூலைகளிலும் நிறம் இருந்தால் அதை நம்பாதீர்கள், அங்கே அளவீடே இல்லை, மென்பொருள் நிரப்பியது. அடியில் ஒரு பிழை வீதம் அச்சிட்டிருக்கும், அது குறைவாக இருப்பதால் படம் உண்மை என்று ஆகாது, எண்களோடு பொருந்துகிறது என்று மட்டும்தான் அர்த்தம். துளைத்த பதிவு பக்கத்தில் இருக்கிறதா? எத்தனை துளை, எவ்வளவு ஆழம், தண்ணீர் எத்தனை மீற்றரில் நின்றது? கடைசியாகத் திகதியைப் பாருங்கள். பதுளைக்கு மழை கொட்டுவது ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, ஓகஸ்ட்டில் எடுத்த படத்தில் நீலம் குறைவாகத்தான் இருக்கும்.